எச்-4 ஈஏடி-யில் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் சப்ஸ்டிடியூட் வேலை: எங்கிருந்து ஆரம்பிப்பது?

மல்லிகைப்பந்தல்:

வணக்கம். நாங்கள் இருப்பது நியூஜெர்சி, மிடில்செக்ஸ் கவுண்டி. கணவருக்கு எச்-1பி வேலை விசா, கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு அப்ரூவ் ஆகிவிட்டது, எனக்கு எச்-4 ஈஏடி (மனைவி விசாவில் இருப்பவர் வேலை பார்க்க அனுமதிக்கும்) கார்டு போன மாதம்தான் கைக்கு வந்தது. ஊரில் பாரதியார் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. கணிதம் (மூன்று வருடம்), அப்புறம் பி.எட். முடித்துவிட்டு ஒரு மெட்ரிக் பள்ளியில் எட்டாவது, ஒன்பதாவதுக்குக் கணக்கு எடுத்தேன். கல்யாணம், குழந்தை, விசா என்று அது அப்படியே நின்றுபோனது.

இப்போது மகள் படிக்கும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டின் (ஊர்ப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) இணையதளத்தில் சப்ஸ்டிடியூட், அதாவது வராதவருக்குப் பதிலாக வேலை பார்க்கும் ஆட்கள் வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள். டீச்சர் மட்டும் இல்லை, பாராபுரொஃபஷனல் (வகுப்பு உதவியாளர்), லஞ்ச் எய்ட், ஆபீஸ் செக்ரட்டரி, கஸ்டோடியன் (துப்புரவுப் பணியாளர்) என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விண்ணப்பம் இருக்கிறது. எதில் போடுவது என்றே புரியவில்லை. மூன்று வருட டிகிரியை இங்கே ஏற்பார்களா? ஊர் அனுபவத்துக்கு மதிப்பு உண்டா? கைரேகை, டிபி டெஸ்ட் என்று என்னென்னவோ கேட்கிறார்கள், எதை முதலில் முடிப்பது? கூப்பிட்டால் போகும் வேலையில் மாதம் உருப்படியாக ஏதாவது கையில் நிற்குமா? மகளைப் பள்ளி விட்டதும் கூட்டி வர வேண்டும், வீட்டில் ஒரே கார், அதையும் யோசித்துச் சொல்லுங்கள். வகுப்பறைக்குத் திரும்ப வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருக்கிறது.

வாசுகி_என்ஜே:

வாழ்த்துகள், கார்டு வந்ததே பெரிய விஷயம். நானும் இதே கவுண்டியில்தான் சப் டீச்சராகப் போய்க்கொண்டிருக்கிறேன், அதனால் நியூஜெர்சி நடைமுறையைச் சொல்கிறேன், வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், ஒவ்வொரு மாநிலத்துக்கும் விதி வேறு.

முதலில் டிகிரி. இங்கே சப்ஸ்டிடியூட் கிரெடென்ஷியலுக்கு, அதாவது மாநிலம் தரும் அனுமதிச் சான்றுக்கு, முழு பேச்சலர்ஸ் டிகிரி தேவையில்லை, 60 காலேஜ் கிரெடிட் (படித்த பாடங்களுக்கான அலகு) போதும். மூன்று வருட பி.எஸ்சி.யை மதிப்பீட்டுக்குக் கொடுத்தால் பொதுவாக அதைத் தாண்டியே வரும், அதனால் அந்தக் கவலையை விடுங்கள். மூன்று வருட டிகிரி நான்கு வருடத்துக்குச் சமமா என்கிற வழக்கெல்லாம் முழு டீச்சிங் சர்டிபிகேட்டுக்குப் போகும்போதுதான் வரும். ஆனால் மதிப்பீடு கட்டாயம் செய்ய வேண்டும். வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் நிறுவனங்களின் நேசஸ் அமைப்பில் உறுப்பினராக இருக்கும் ஏதாவது ஒரு நிறுவனத்தில், டபிள்யூஇஎஸ் எல்லாருக்கும் தெரிந்தது, 'கோர்ஸ் பை கோர்ஸ்' வகையையே கேளுங்கள். சாதா டாக்குமென்ட் மதிப்பீட்டில் கிரெடிட் கணக்கு வராது, அப்புறம் இன்னொரு முறை பணம் கட்ட நேரிடும்.

இதில் நாள் பிடிப்பது டிரான்ஸ்கிரிப்ட்தான். நம் கையில் இருக்கும் மார்க் ஷீட்டை ஸ்கேன் செய்து அனுப்பினால் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள், பல்கலைக்கழகம் தானே அனுப்பியது அல்லது அவர்கள் சீல் வைத்த கவரில் வந்ததுதான் செல்லும். கோயம்புத்தூரில் உங்கள் அப்பாவோ தம்பியோ இருந்தால் மருதமலை ரோட்டில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்கு ஒருமுறை நேரில் போய் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள். மற்ற வேலைகளை நீங்கள் இங்கே பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு பக்கம் நகரட்டும்.

இரண்டாவது, யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று. 2018-லிருந்து நியூஜெர்சியில் ஒரு சட்டம் இருக்கிறது. பள்ளி வேலைக்குச் சேருபவர் கடந்த 20 வருடத்தில் குழந்தைகளோடு நேரடித் தொடர்பு உள்ள வேலை எங்கெல்லாம் பார்த்தாரோ அங்கெல்லாம் டிஸ்ட்ரிக்ட் ஒரு படிவம் அனுப்பும். இவர் மீது குழந்தைகளிடம் தவறாக நடந்துகொண்டதாகப் புகாரோ விசாரணையோ இருந்ததா என்று பழைய முதலாளி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். உங்கள் மெட்ரிக் பள்ளிக்கும் அது போகும். அமெரிக்காவிலிருந்து இப்படி ஒரு மெயில் வந்தால் அங்கே ஆபீஸில் யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். அதனால் இன்றைக்கே உங்கள் பழைய ஹெட்மிஸ்ட்ரஸுக்கு ஒரு போன் போட்டு, இது இங்கத்திய வழக்கமான சோதனைதான் என்று விளக்கி, சரியான மெயில் முகவரியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளைக் காப்பாற்ற வந்த நல்ல சட்டம் அது, நானும் ஒரு அம்மாவாக அதை முழு மனதோடு ஏற்கிறேன், ஆனால் நம் ஊரிலிருந்து பதில் வரவில்லை என்றால் நம் ஃபைல்தான் தூங்கும்.

மூன்றாவது, டிபி. நமக்கெல்லாம் பிறந்ததுமே டிபி தடுப்பூசியான பிசிஜி ஊசி போட்டிருப்பார்கள். கையில் போடும் மான்டூ டெஸ்ட், பிசிஜி போட்டவர்களுக்கு நோய் இல்லாமலே வீங்கிக் காட்ட வாய்ப்பு உண்டு. வீங்கினால் நெஞ்சு எக்ஸ்ரே, டாக்டர் கடிதம் என்று இழுக்கும். டாக்டரிடம் நேராக, 'எனக்கு பிசிஜி போட்டிருக்கிறது, ரத்தப் பரிசோதனை எடுங்கள்' என்று சொல்லுங்கள். குவான்டிஃபெரான் என்பார்கள், அதற்கு பிசிஜி குறுக்கே வராது.

கைரேகை ஐடென்டோகோ சென்டரில். டிஸ்ட்ரிக்ட் கொடுக்கும் படிவமும் எண்ணும் இல்லாமல் நீங்களாகவே போய்க் கொடுத்துவிட்டு வராதீர்கள், வேறு கணக்கில் ஏறிவிடும். குளிர்காலத்தில் பாத்திரம் கழுவிக் கழுவி விரல் நுனி வறண்டு கோடே விழாமல் திருப்பி அனுப்புவது இங்கே சகஜம், போவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே ராத்திரியில் லோஷனோ தேங்காய் எண்ணெயோ தடவிக்கொள்ளுங்கள், கொடுக்கும்போது மட்டும் கை சுத்தமாக இருக்கட்டும்.

வேலை பார்க்கும் உரிமையைக் காட்டும் ஐ-9 படிவத்துக்கு ஈஏடி கார்டு ஒன்றே போதும், பாஸ்போர்ட், விசா எல்லாம் காட்டச் சொன்னால் தேவையில்லை என்று மரியாதையாகச் சொல்லலாம். சோஷியல் செக்யூரிட்டி எண் இன்னும் வராவிட்டால் அதை முதலில் பாருங்கள்.

டல்லாஸ்_முருகேசன்:

வாசுகி மேடம் காகித வேலையை நன்றாகச் சொல்லிவிட்டார். பணத்தைப் பற்றி நான் கொஞ்சம் வெளிப்படையாகப் பேசுகிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் பலர் அதைக் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு சேர்ந்த பிறகு வருத்தப்படுகிறார்கள்.

சப் டீச்சருக்கு நாள் கூலிதான். நியூஜெர்சியில் நிறைய டிஸ்ட்ரிக்ட்களில் நாளுக்கு 100 முதல் 150 டாலர் என்று என் தங்கை சொல்கிறாள், அதற்கு மேல் தருபவர்களும் உண்டு. 120 டாலர் என்று வைத்து மாதம் 12 நாள் போனால் 1440, அதில் வரி போகும். பள்ளி வருடமே 180 நாள்தான். டிசம்பரில் பத்து நாள், வசந்த விடுமுறை ஒரு வாரம், ஜூன் கடைசி முதல் ஆகஸ்ட் வரை ஒன்றும் கிடையாது. மெடிக்கல் இன்ஷூரன்ஸ் எதிர்பார்க்காதீர்கள், கணவர் கம்பெனி இன்ஷூரன்ஸில் இருப்பதுதான் வழி. கோடையில் வேலையில்லாக் காலப் பணம் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஜூனில் டிஸ்ட்ரிக்டிலிருந்து 'அடுத்த வருடமும் உங்களை அழைப்போம்' என்று ஒரு கடிதம் வரும். அந்தக் கடிதம் இருந்தால் இரண்டு பள்ளி வருடங்களுக்கு இடைப்பட்ட காலத்துக்கு அந்தச் சம்பளத்தை வைத்துப் பணம் கோர முடியாது, அது ஃபெடரல் சட்டத்திலேயே இருக்கிறது. வீட்டு வாடகையை இந்தச் சம்பளத்தை நம்பிப் போடாதீர்கள், மகளின் டான்ஸ் கிளாஸ், ஊருக்கு டிக்கெட், உங்கள் பெயரில் ஒரு சேமிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டெக்சாஸில் சப் வேலைக்கு மாநில லைசென்ஸ் என்று தனியாக ஒன்றும் கிடையாது, தகுதியை அந்தந்த ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் (இங்கே ஐஎஸ்டி என்பார்கள்) முடிவு செய்கிறது. சில இடங்களில் ஹைஸ்கூல் டிப்ளமோ போதும், சில இடங்களில் காலேஜ் கிரெடிட் கேட்பார்கள், கைரேகை எல்லாருக்கும் உண்டு. இங்கே பல டிஸ்ட்ரிக்ட்களில் சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியப்) பிடித்தம் இல்லாமல் அதற்குப் பதிலாக 7.5 சதவீதம் ஒரு தனிக் கணக்கில் போகும். வேலையை விட்டபின் அந்தப் பணத்தை எடுக்கலாம், பலர் அதை மறந்தே போகிறார்கள்.

இன்னொன்று, டீச்சர் பதவி மட்டும்தான் மரியாதை என்று நினைக்காதீர்கள். என் மனைவி கேண்டீன் சப்பாக ஆரம்பித்தார். காலை பத்தரைக்குப் போய் ஒன்றரைக்கு வந்துவிடுவார், கார் பிரச்சினையே இல்லை, குழந்தை பள்ளி விடும் முன்பே வீட்டில். அந்தப் பள்ளியில் எல்லாருக்கும் அவரைத் தெரிந்த பிறகு நிரந்தர இடம் காலியானபோது முதலில் அவரிடம்தான் கேட்டார்கள். மூன்று மணி நேர வேலைதானே என்று நினைத்தால் தப்பு, நானூறு பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது எந்தத் தட்டில் கடலை கலந்தது, எந்தப் பிள்ளைக்கு அலர்ஜி என்று கண் அங்கேயே இருக்க வேண்டும்.

ஃப்ரீமான்ட்வாசி:

கலிபோர்னியாவில் இருப்பவர்கள் படிப்பார்கள் என்பதால் ஒரு வரி. இங்கே 30 நாள் சப்ஸ்டிடியூட் பர்மிட் வாங்க பேச்சலர்ஸ் டிகிரி வேண்டும், 60 கிரெடிட் கதை இங்கே செல்லாது, அதனால் மூன்று வருட டிகிரிக்காரர்கள் மதிப்பீட்டில் என்ன எழுதி வருகிறது என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். 30 நாள் என்பது பர்மிட்டின் ஆயுள் இல்லை, ஒரே டீச்சருக்குப் பதிலாக எத்தனை நாள் நிற்கலாம் என்கிற வரம்பிலிருந்து வந்த பெயர். பர்மிட் ஒரு வருடம் செல்லும். எல்-2 மனைவிமார் (கணவருக்கு எல்-1 வேலை விசா இருப்பவர்கள்) கவனத்துக்கு: உங்கள் ஐ-94-இல் (நாட்டுக்குள் நுழைந்த பதிவு) எல்-2எஸ் என்று இருந்தால் ஈஏடி இல்லாமலே வேலை பார்க்கலாம், எச்ஆர் ஆட்களுக்கு அது தெரியாமல் கார்டு கேட்டால் பொறுமையாக எடுத்துக் காட்டுங்கள்.

மல்லிகைப்பந்தல்:

இவ்வளவு விவரமாக யாரும் சொன்னதில்லை, எல்லாருக்கும் நன்றி. ஹெட்மிஸ்ட்ரஸிடம் பேசிவிட்டேன், மெயில் வந்தால் தானே பார்த்து அனுப்புவதாகச் சொன்னார். இப்போது உள்ளே இருக்கும் பயம் வேறு. வாசுகி அக்கா, முதல் நாள் உள்ளே போனால் என்ன நடக்கும்? நம் ஊரில் டீச்சர் நுழைந்ததும் பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள். இங்கே என் இங்கிலீஷைக் கேட்டு சிரித்தால் என்ன செய்வது?

கணக்குவாத்தியார்:

வாசுகி வருவதற்குள் நான் சொல்கிறேன் சகோதரி, நானும் நியூஜெர்சிதான், ஐடி வேலையை விட்ட பிறகு மிடில் ஸ்கூலில் சப்பாகப் போகிறேன், பெரும்பாலும் கணக்கு வகுப்பு.

சிரிக்க மாட்டார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். மிடில் ஸ்கூல் பிள்ளைகள் சப் வந்தால் கொஞ்சம் ஆடத்தான் செய்வார்கள், எந்த ஊர்க்காரர் போனாலும் அப்படித்தான். ஆனால் மிடில்செக்ஸில் பாதி வகுப்பு நம் பிள்ளைகள், குஜராத்திப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள், வீட்டில் அப்பா அம்மா பேசும் இங்கிலீஷ் அவர்களுக்குப் புதிதில்லை. உச்சரிப்பைவிட முக்கியம் வேகம், நம் ஆட்கள் வேகமாகப் பேசுகிறோம். நிறுத்திப் பேசுங்கள், சொன்னதைப் போர்டில் எழுதியும் போடுங்கள்.

காலையில் முதலில் ஆபீஸில் கையெழுத்து, பேட்ஜ், சாவி. அப்புறம் மேஜை மேல் சப் ஃபோல்டர் இருக்கும், அதில் சீட்டிங் சார்ட், அன்றைய பாடத் திட்டம், யாருக்கு ஐஇபி (சிறப்புத் தேவைப் பிள்ளைக்கான தனித் திட்டம்), யாருக்கு எபிபென் (அலர்ஜிக்கான அவசர ஊசி) என்கிற விவரம் எல்லாம் இருக்கும். மணி அடிப்பதற்குள் எபிபென் பக்கத்தையும் எமர்ஜென்சி பக்கத்தையும் கட்டாயம் படியுங்கள், பாடத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நியூஜெர்சியில் ஒவ்வொரு பள்ளியும் மாதம் ஒரு ஃபயர் டிரில், ஒரு செக்யூரிட்டி டிரில் நடத்தியாக வேண்டும், நீங்கள் போகும் நாளில் அது வரலாம். லாக்டவுன் (ஆபத்து வந்தால் வகுப்பைப் பூட்டிக்கொள்வது) என்று ஸ்பீக்கரில் வந்தால் கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, பிள்ளைகளை மூலையில் உட்கார வைக்க வேண்டும், தட்டினாலும் திறக்கக் கூடாது. டிரில்தான் என்று தெரிந்திருந்தாலும் அந்தப் பிள்ளைகள் எவ்வளவு பழக்கமாகப் போய் அந்த மூலையில் உட்காருகிறார்கள் என்று பார்க்கும்போது மனசு கனக்கிறது.

பிள்ளையைத் தொட்டுக் கண்டிப்பது, போட்டோ எடுப்பது, ஒரு பிள்ளையோடு கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருப்பது, இது மூன்றும் எந்தக் காரணத்துக்கும் கூடாது. தோளில் தட்டிக் கொடுப்பது நமக்குப் பாசம், இங்கே அதையும் தவிர்ப்பது நல்லது. ஏதாவது பிள்ளை வீட்டில் அடி விழுகிறது என்பது மாதிரி சொன்னால், அது உங்களுக்குள் வைத்துக்கொள்ளும் விஷயம் இல்லை, நியூஜெர்சி சட்டப்படி உடனே தெரிவித்தாக வேண்டும், அன்றே ஆபீஸிலும் கவுன்சிலரிடமும் போய் எப்படிச் செய்வது என்று கேளுங்கள்.

கணக்கு வகுப்பைப் பற்றி உங்களுக்காகவே சொல்கிறேன். நம் ஊர் முறையில் டக்கென்று விடையைப் போட்டுக் காட்டாதீர்கள். ஏழாம் வகுப்பில் ஒரு பையன் 5-லிருந்து மைனஸ் 3-ஐக் கழிக்க முடியாமல் மேஜை மேல் வட்டச் சில்லுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் சிவப்பு, மஞ்சள் என்றால் பிளஸ் ஒன்று, சிவப்பு என்றால் மைனஸ் ஒன்று. அவனிடம் ஐந்து மஞ்சள் இருக்கிறது, எடுக்க வேண்டியது மூன்று சிவப்பு, இல்லாத சிவப்பை எப்படி எடுப்பது என்று அங்கேயே நின்றுவிட்டான். 'மைனசும் மைனசும் பிளஸ்' என்று நான் ஒரு வரியில் முடித்திருக்கலாம். பதிலாக, ஒரு மஞ்சளும் ஒரு சிவப்பும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேட்டேன். பூஜ்யம் என்றான். அப்போ அந்த ஜோடியை எத்தனை வேண்டுமானாலும் உள்ளே வைக்கலாமா என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான், அப்புறம் மூன்று ஜோடி வைத்தான், மூன்று சிவப்பை எடுத்தான், மஞ்சளை எண்ணினான், எட்டு. பக்கத்துப் பையனைக் கூப்பிட்டு அவனே விளக்க ஆரம்பித்துவிட்டான். அவர்கள் டீச்சர் எந்த முறையில் சொல்லித் தருகிறாரோ அதே முறையில் நீங்கள் நின்றால் அந்த டீச்சர் திரும்பி வரும்போது பாடம் ஒரு நாள் முன்னே நகர்ந்திருக்கும். கையில் போனை வைத்துக்கொண்டு மூலையில் உட்காரும் சப்களும் உண்டு, அந்த நாள் பிள்ளைகளுக்கு வீண். பி.எட். படித்த நீங்கள் போனால் அந்த நாள் வீணாகாது, அதற்காகவே நீங்கள் வர வேண்டும் என்று விரும்புகிறேன்.

கிளம்பும் முன் என்ன முடித்தீர்கள், யார் உதவினார்கள், யார் தொந்தரவு என்று ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு வாருங்கள். அதைப் படித்த டீச்சர்தான் அடுத்த முறை உங்கள் பெயரைச் சொல்லிக் கேட்பார்.

கீதா_ஜெர்ஸி:

நான் கொஞ்சம் மாற்றுக் கருத்து சொல்கிறேன். நேராக டீச்சர் சப் வேண்டாம், முதல் சில மாதம் பாரா சப்பாகப் போங்கள். வகுப்பில் பொறுப்பான டீச்சர் ஒருவர் இருப்பார், நீங்கள் ஒன்றிரண்டு பிள்ளைகளோடு பக்கத்தில் உட்காருவீர்கள், இங்கே வகுப்பு எப்படி நடக்கிறது என்று உள்ளேயிருந்தே பார்க்கலாம். சம்பளம் குறைவுதான். ஆனால் ஸ்பெஷல் எஜுகேஷன் பிரிவில் ஆள் பற்றாக்குறை எப்போதும் இருக்கிறது, வேலைக்கு அழைப்பு வந்துகொண்டே இருக்கும். சில பிள்ளைகளுக்கு டயப்பர் மாற்ற வேண்டும், சில பிள்ளைகள் கடிக்கும், அடிக்கும், அதையும் தெரிந்துகொண்டு போங்கள். என்னால் முடிந்தது, எனக்கு அந்தப் பிள்ளைகள்தான் இப்போது உலகம்.

வாசுகி_என்ஜே:

கீதா சொன்னது நல்ல யோசனை, இரண்டுக்குமே சேர்த்து விண்ணப்பம் போடுங்கள், எது முதலில் கிளியர் ஆகிறதோ அதில் ஆரம்பிக்கலாம்.

அழைப்பு வரும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் ஃப்ரண்ட்லைன் என்கிற போன் ஆப்பில்தான் வேலை விழும், காலை ஐந்தரைக்கு போன் அடிப்பதும் உண்டு. முந்தின நாள் சாயங்காலமே ஆப்பைத் திறந்து பார்ப்பவர்களுக்கு நல்ல வேலைகள் கிடைக்கும். எல்லாப் பள்ளியையும் டிக் அடிக்காதீர்கள். ஒரே கார் என்கிறீர்கள், மகள் படிக்கும் பள்ளியும் நடந்து போகும் தூரத்தில் இன்னொன்றும் போதும். எலிமென்டரியும் மிடிலும் வெவ்வேறு நேரத்துக்கு விடும், உங்கள் மகள் விடும் நேரத்துக்கு முன்பே முடியும் பள்ளியாகப் பாருங்கள், அல்லது ஆஃப்டர்கேரில் (பள்ளி விட்ட பின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) ஒரு மணி நேரம் போடுங்கள். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனால் பிள்ளைகளுக்கு உங்கள் பெயர் தெரியும், ஆடுவதும் குறையும். சில டிஸ்ட்ரிக்ட்கள் நேரடியாக எடுக்காமல் ஈஎஸ்எஸ், கெல்லி மாதிரி நிறுவனம் மூலம் எடுக்கும், அப்போது உங்கள் முதலாளி அந்த நிறுவனம், கேள்வியை அங்கே கேட்க வேண்டும்.

சப் கிரெடென்ஷியலில் ஒரே வகுப்பில் தொடர்ந்து 20 நாள்தான் பொதுவான வரம்பு. மகப்பேறு விடுப்பு மாதிரி நீண்ட இடங்களுக்கு முழு சர்டிபிகேட் உள்ளவர்களைத்தான் தேடுவார்கள், அதற்குக் கூலியும் அதிகம். கணக்கு டீச்சருக்கு இங்கே நல்ல தேவை, அதனால் கிரெடென்ஷியல் கைக்கு வந்ததும் முழு டீச்சிங் சர்டிபிகேட்டுக்கான பிராக்ஸிஸ் கணிதத் தேர்வுக்குப் படிக்க ஆரம்பியுங்கள், உங்கள் பி.எட். அங்கே எப்படி எண்ணப்படும் என்று கவுண்டி ஆபீஸில் கேட்கலாம்.

ஈஏடி காலாவதி தேதியை இப்போதே காலண்டரில் குறியுங்கள். முன்பு புதுப்பிக்கப் போட்டிருந்தால் கார்டு வரும்வரை தானாக நீட்டிப்பு உண்டு, 2025 அக்டோபர் 30-லிருந்து போடும் விண்ணப்பங்களுக்கு அது கிடையாது. தேதி முடிந்த அடுத்த நாள் வேலைக்குப் போகக் கூடாது. 180 நாள் முன்பே போடலாம், அந்த முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள்.

மல்லிகைப்பந்தல்:

எல்லாக் காகிதமும் கொடுத்தால் அடுத்த வாரமே போகலாமா அக்கா?

வாசுகி_என்ஜே:

இல்லை. சப் பட்டியலை போர்டு ஆஃப் எஜுகேஷன் கூட்டத்தில் வைத்து ஓகே செய்ய வேண்டும், நிறைய டிஸ்ட்ரிக்ட்களில் அது மாதம் ஒரு முறைதான். டிஸ்ட்ரிக்ட் தளத்தில் கூட்டத் தேதி இருக்கும், எந்தத் தேதிக்குள் கொடுத்தால் அந்த அஜெண்டாவில் பெயர் ஏறும் என்று எச்ஆரிடம் கேட்டுவிடுங்கள். தவறினால் இன்னொரு மாதம். டிபி ரிசல்ட்டும் பழைய பள்ளி படிவமும் அதற்குள் வரவேண்டும், அதனால் நாளைக்கே டாக்டர் அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள்.